எங்கள் கோல்கீப்பரை மாற்றத்தான் வேண்டுமா?

பட்டுக்கோட்டையிலிருந்து

கோடை டோர்னமென்ட் அரையிறுதியில் நம் அணி 0-1 என்று தோற்றதிலிருந்து ஊரில் பேச்சு ஒன்றுதான்: கோல்கீப்பரை மாற்று. டீக்கடையில் அதே பேச்சு, சலூனில் அதே பேச்சு. துபாயிலும் குவைத்திலும் இருக்கிற நம் ஆட்கள் ஆட்டத்தை முழுசாகப் பார்க்கவில்லை. வாட்ஸப்பில் வந்த அந்தப் பதினைந்து விநாடி வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு, "வயசான ஆளை இன்னும் எதுக்கு நிறுத்துறீங்க" என்று வாய்ஸ் மெசேஜ் போடுகிறார்கள். நடு மைதானத்துக்கு அருகிலிருந்து தூக்கி அடித்த பந்து கீப்பர் தலைக்கு மேல் போய் வலையில் விழுகிறது. அவர் பின்னால் ஓடுகிறார், எட்டவில்லை. வீடியோவில் இருப்பது அவ்வளவுதான்.

அவரோடு ஆடியவர்கள், அவருக்கு எதிராக ஆடியவர்கள், போஸ்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவர்கள் எல்லோரும் கண்ணால் கண்டதை எழுதுங்கள். பெயர் போட வேண்டாம். ஊரே அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுகிறது, இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

முதலில் என் பங்கு. நான் எப்போதும் கோல் போஸ்டுக்குப் பின்னால்தான் உட்காருவேன். அங்கிருந்து பார்த்தால் ஆட்டமே வேறு. அதிராம்பட்டினம் பக்கம் ஆடும்போது சாயங்காலம் கடல்காற்று ஏறிவிடும். முதல் பாதியில் நேராக வரும் பந்து, இரண்டாம் பாதியில் வளைந்து வரும். காக்கா வந்து நின்றதும் ஒரு பிடி மண்ணை எடுத்து விடுவார், எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். அப்புறம் குதிகாலால் போஸ்டின் நடுவுக்கு நேராகத் தரையில் ஒரு கீறல் போடுவார். வெளியே ஏறி வந்து நிற்கும்போது திரும்பிப் பார்க்காமலே தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிய வேண்டும், அதற்காக. நடுவர் பார்த்தால் அழிக்கச் சொல்வார். அழித்துவிட்டு அடிகளை எண்ணி வைத்துக்கொள்வார்.

போன வருடம் ஒரு கார்னர். பந்து உயரத்தில் தொங்கிக்கொண்டு வந்தது. நம் டிஃபென்ஸும் எதிரணி ஃபார்வர்டுகளும் முன் போஸ்டை நோக்கி எகிறினார்கள். இவர் மட்டும் இரண்டு எட்டு பின்னால் போனார். காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு அவர் கைக்கே கொண்டு வந்து கொடுத்தது. யாரும் கை தட்டவில்லை, தட்டுவதற்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லையே. அதே ஆட்டத்தில் எதிரணிக் கீப்பர் நெஞ்சுக்கு நேராக வந்த பந்தை ஒரு பக்கம் சாய்ந்து பறந்து தட்டினான், கிரவுண்டே விசிலடித்தது. எனக்கு மனசு ஆறவே இல்லை.

முத்துப்பேட்டையிலிருந்து

அண்ணே, உங்கள் மரியாதை புரிகிறது. எனக்கும் காக்கா மேல் பிரியம் உண்டு. ஆனால் நான் எதிர்க்கட்சி.

கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். நின்ற இடத்தில் நின்றுகொண்டு அத்தனையையும் மறைக்க யாராலும் முடியாது. கடைசியில் பாய்ந்துதான் ஆக வேண்டும். நம் சின்னப் பையனை கால் இறுதியில் பத்து நிமிடம் இறக்கினோமே, வலது மூலைக்கு வந்த அந்தப் பந்தை விரல் நுனியால் தட்டினானே, காக்காவால் இன்றைக்கு அது முடியுமா? பிராக்டிஸில் அதே மாதிரிப் பந்துகளை நானே அடித்துப் பார்த்திருக்கிறேன். வலது பக்கம் தாழ்வாக அடித்தால் அவருக்கு இறங்க நேரமாகிறது. இடுப்பு முன்போல இல்லை.

இன்னொன்று. இளம் கீப்பரை வெளியே உட்கார வைத்துக்கொண்டே இருந்தால் அவன் போய்விடுவான். கோல்கீப்பர் விஷால் கைத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் நடந்த ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனலில் சென்னையின் கிளப்புக்கு நின்றவர். 2022இல் கொல்கத்தாவுக்குப் போனார். அடுத்த சீசனிலேயே சிறந்த கீப்பருக்கான கோல்டன் கிளவ் வாங்கினார், ஃபைனலில் பெனால்டி ஷூட்அவுட்டில் ஒரு அடியைத் தடுத்துக் கோப்பையும் தூக்கினார். அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குச் சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தது. நம் பையனும் நாளைக்கு வேறு ஊர் ஜெர்சியில் நமக்கு எதிராக நிற்பான். அப்போது வருத்தப்பட்டு என்ன பயன்?

காரைக்காலிலிருந்து

நான் உங்கள் ஊர் இல்லை. உங்கள் கீப்பருக்கு எதிராகப் பல வருடம் ஃபார்வர்டாக ஆடியவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

தனியாக ஒரு கீப்பரைப் பார்த்துப் பந்தோடு ஓடும்போது ஃபார்வர்டு எதற்குக் காத்திருப்பான் தெரியுமா? கீப்பர் விழுவதற்கு. பெரும்பாலான கீப்பர்கள் நாம் கால் தூக்கியதுமே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள். சாய்ந்தால் முடிந்தது, மறுபக்கம் தள்ளிவிட்டால் போதும். உங்கள் காக்கா விழமாட்டார். முதல் நாலைந்து எட்டு வேகமாக ஏறி வருவார், நான் கால் தூக்கும் நேரத்தில் சட்டென்று நின்றுவிடுவார். முழங்கால் லேசாக மடிந்திருக்கும், இரண்டு கையும் இடுப்புக்குக் கீழே விரிந்திருக்கும், கண் என் முகத்தில் இருக்காது, பந்தில்தான் இருக்கும். எனக்கு இடமே தெரியாது. நாகூர் பக்கம் ஒரு ஆட்டத்தில் அப்படித்தான், இவர் விழட்டும் என்று இன்னொரு தட்டு தட்டினேன். அந்த ஒரு தட்டில் பந்து காலை விட்டு அரை அடி விலகியது, குனிந்து எடுத்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் என்னைத்தான் திட்டினார்கள். கீப்பர் செய்த வேலை என்று யாரும் சொல்லவில்லை.

2022 உலகக் கோப்பை ஃபைனலின் கடைசி நிமிடத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 3-3, 123ஆவது நிமிடம், பிரான்ஸின் கோலோ முவானி பந்தோடு தனியாக. அர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் ஏறி வந்து நிமிர்ந்தே நின்று, உடம்பை விரித்து, இடது காலால் தடுத்தார். முன்னாலேயே ஒரு பக்கம் விழுந்திருந்தால் மெஸ்ஸி கையில் அந்தக் கோப்பை இல்லை. நான் அந்தக் காலைப் பார்த்ததும் உங்கள் காக்காவைத்தான் நினைத்தேன்.

பெனால்டியிலும் இதே கதைதான். இஸ்ரேல் ஆய்வாளர்கள் சிலர் 286 பெனால்டிகளை எடுத்துப் பார்த்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நூற்றுக்கு இருபத்தெட்டுக்கு மேல் நடுவிலேயே அடிக்கப்பட்டிருந்தன. கீப்பர்கள் நடுவில் அசையாமல் நின்றதோ 6.3 சதவீதம். நின்று கோல் வாங்கினால் சும்மா நின்றான் என்று ஏசுவார்கள், பாய்ந்து கோல் வாங்கினால் முயற்சி பண்ணினான் என்று விட்டுவிடுவார்கள். கீப்பர்களுக்கு இது தெரியும், அதனால் பாய்கிறார்கள். வேடிக்கை பார்க்கிற நாம்தான் அவர்களைப் பாய வைக்கிறோம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து

இப்போதைய அணியில் காக்காவுக்கு முன்னால் ஸ்டாப்பராக, அதாவது நடு டிஃபென்ஸில், நிற்பவன் நான். அரையிறுதியில் மைதானத்தில் இருந்தேன். அந்தக் கோலைப் பற்றி எனக்குத் தெரிந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு எதிரணியில் ரெக்கை கட்டின மாதிரி ஓடுகிற பையன் ஒருத்தன் இருந்தான். அவனைக் கோலிலிருந்து தூரத்தில் வைக்க வேண்டும் என்று கோச் எங்களை நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்தினார். டிஃபென்ஸ் அவ்வளவு தூரம் ஏறினால் எங்களுக்கும் கோலுக்கும் நடுவில் பெரிய காலியிடம். அதை யார் பார்ப்பது? கீப்பர்தான். அவர் பாக்ஸ் விளிம்புக்கு ஏறி நின்றே ஆக வேண்டும். முதல் பாதியில் அந்தப் பையனுக்குப் பந்து வந்தபோதெல்லாம் காக்கா முந்திக்கொண்டு ஓடிவந்து காலால் வெளியே அடித்தார். ஒரு தடவை பாக்ஸைத் தாண்டி தலையால் முட்டினார். அவர் கோட்டிலேயே நின்றிருந்தால் அத்தனையும் தனியாள் கோல். பாதி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

இரண்டாம் பாதியில் காற்று மாறி எங்கள் முகத்துக்கு அடித்தது. எதிரணி நடு ஆட்டக்காரன் தலையைத் தூக்கிப் பார்த்தான், கீப்பர் வெளியே நிற்கிறார், காற்று அவனுக்குச் சாதகம். அடித்தான். நல்ல அடி, நான் குறை சொல்லமாட்டேன்.

ஆக அந்த ஒரு கோல் உள்ளே போனதும், முதல் பாதியில் அத்தனை கோல் போகாமல் இருந்ததும், அவர் அதே பாக்ஸ் விளிம்பில் ஏறி நின்றதால்தான். வீடியோ எடுத்தவர் ஒன்றை மட்டும் எடுத்தார்.

அப்புறம் அவர் சத்தம். வெளியே இருப்பவர்களுக்குக் கேட்காது. ஆட்டம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்: "ஏறு", "வலது பக்கம் ஆள்", "திரும்பாதே, மேன் ஆன்" (பின்னால் ஆள் வருகிறான் என்று அர்த்தம்), "விடு, என்னுது". கார்னரில் யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார். கோல் வாங்கின பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, டிஃபென்ஸ் கோட்டைப் பின்னால இறக்காதீங்க, இன்னும் நேரமிருக்கு." சின்னவன் நிற்கும்போது எனக்கு முதுகுப் பக்கம் வெறுமையாக இருக்கும். அவன் பேசமாட்டான். கெட்ட பையன் இல்லை, எங்களை விட வயதில் சின்னவன், அண்ணன்மாரை எப்படி அதட்டுவது என்று கூச்சம். ஆனால் அந்தக் கூச்சத்தோடு கீப்பர் வேலை பார்க்க முடியாது.

அதிராம்பட்டினத்திலிருந்து

வயதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். டினோ சோஃப் 1982இல் இத்தாலிக்குக் கேப்டனாக உலகக் கோப்பை தூக்கியபோது வயது நாற்பது. எகிப்தின் எஸ்ஸாம் எல்-ஹதாரி 2018 உலகக் கோப்பையில் நாற்பத்தைந்து வயதில் இறங்கி, சவூதிக்கு எதிராகப் பெனால்டியைத் தடுத்தார். நம் நாட்டுக்கு வாருங்கள். பீட்டர் தங்கராஜ் 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தார், அர்ஜுனா விருது கொடுத்தது 1967இல். எங்கள் வாப்பா காலத்து ஆட்கள் கீப்பர் என்றாலே அவர் பெயரைத்தான் சொல்வார்கள். இன்றைய குர்பிரீத் சிங் சந்து 2023 சாஃப் (தெற்காசியக் கோப்பை) ஃபைனலில் குவைத் கேப்டன் அடித்த பெனால்டியைத் தடுத்தபோது முப்பதைத் தாண்டியவர். ஃபார்வர்டுக்கு வயது காலில் தெரியும். கீப்பருக்கு வயது ஏற ஏற எங்கே நிற்க வேண்டும் என்பது படியும்.

முத்துப்பேட்டைத் தம்பி சொன்ன இடுப்பு விஷயம் நிஜம்தான். நானும் கவனித்தேன். வலது பக்கம் தாழ்வான பந்துக்கு அரை எட்டு முன்கூட்டியே வலப்பக்கம் தள்ளி நின்று சரிக்கட்டுகிறார். சில நாள் அது போதும், சில நாள் போதாது. காற்றில்லாத, நல்ல புல் தரையில், குறி வைத்து அடிக்கிற அணியோடு ஆடினால் பையன்தான் நல்லது என்று எனக்கே தோன்றுகிறது. நம் மண் தரையில், இந்தக் காற்றில், காக்காதான்.

முத்துப்பேட்டையிலிருந்து, மறுபடியும்

ஸ்டாப்பர் அண்ணன் எழுதியதைப் படித்தபின் அந்தக் கோலைப் பற்றி இனி நான் பேசமாட்டேன். முதல் பாதியில் அவர் ஓடிவந்து அடித்தவற்றை நானும் பார்த்தேன், டிஃபென்ஸ் செய்த வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பையனுக்கு ஆட்டம் கொடுக்காமல் இருப்பது தப்பு என்பதில் மாற்றமில்லை. பேசத் தெரியவில்லை என்றால் எங்கே போய்ப் பழகுவான்? கிரவுண்டில்தானே.

பட்டுக்கோட்டையிலிருந்து

சரி, இவ்வளவும் வந்த பிறகு கமிட்டியிடம் நான் சொல்லப்போவது இதுதான். நாக்அவுட் ஆட்டங்களுக்குக் காக்கா. லீக் ஆட்டங்களுக்குப் பையன், தொடர்ந்து, ஒரு ஆட்டம் சறுக்கினாலும் எடுக்காமல். பையன் நிற்கிற ஆட்டங்களில் காக்கா போஸ்டுக்குப் பின்னால் என் பக்கத்தில் உட்காரட்டும். அங்கிருந்து அவர் சொல்வதைப் பையன் உரக்கத் திருப்பிச் சொல்லட்டும், கூச்சம் தானாகப் போகும். காக்காவிடம் நேற்றே கேட்டுவிட்டேன். "அவன் கிளவுஸ் தேஞ்சு போச்சு, முதல்ல அதை வாங்கிக் குடுங்க" என்றார். குவைத் நண்பர்களே, வாய்ஸ் மெசேஜ் போட்டவர்களே, கிளவுஸ் ஒன்பதாம் நம்பர், லேடெக்ஸ் உள்ளங்கை, நம் தரைக்குத் தாங்குகிற மாதிரி தடிமனாகப் பார்த்து அனுப்புங்கள். இரண்டு ஜோடி.