இறுகிய தசையில் எவ்வளவு அழுத்தம் தரலாம்? வலித்தால்தான் பலன் உண்டா?

கேள்வி – மாலைநடை

அனைவருக்கும் வணக்கம். நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து வேலை செய்பவன் நான். பிடரிக்கும் தோள்பட்டைக்கும் இடையில், வலப்பக்கத்தில், விரலால் தடவினால் ஒரு திரட்சி தட்டுப்படுகிறது. மசாஜ் செய்பவர் அந்த இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கும்போது வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் கையை எடுத்துவிடக் கூடாது, இன்னும் சற்று அழுத்தினால் நன்றாக இருக்கும் என்றே தோன்றுகிறது. அதே கை, அதே அழுத்தத்தோடு, இரண்டு விரற்கடை மேலே நகர்ந்தவுடன் சுளீரென்று ஒரு வலி கிளம்பி, காதுக்குப் பின்புறமாக ஏறி நெற்றிப்பொட்டில் போய் நிற்கிறது. அப்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன். தோள் தானாகவே காதை நோக்கி உயர்ந்துவிடுகிறது.

என் மனைவியின் தோள் தொட்டுப் பார்த்தால் என்னுடையதைவிடக் கெட்டியாக இருக்கிறது. அவருக்கோ அங்கே வலி என்பதே கிடையாது. மெல்ல நீவிவிட்டாலே போதும் என்கிறார். ஒரே அழுத்தம் ஓரிடத்தில் சுகமாகவும் பக்கத்திலேயே தாங்க முடியாததாகவும் இருப்பது ஏன்? வலியைப் பொறுத்துக்கொண்டால்தான் முடிச்சு உடையும் என்று சொல்வதில் உண்மை உண்டா?

மறுமொழி 1 – இயன்முறை மருத்துவர்

உங்கள் மனைவியைப் பற்றி நீங்கள் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் விடையின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. கைக்குக் கெட்டியாகத் தெரிவதும், அந்த உடலுக்கு உரியவர் இறுக்கமாக உணர்வதும் இரு வேறு விஷயங்கள். இறுக்கம் என்ற உணர்வு நரம்பு மண்டலம் தரும் ஒரு செய்தி. நீண்ட நேரம் அசையாமல் இருந்தது, தூக்கக் குறைவு, மனக்கவலை, முன்பு ஏற்பட்ட காயம் ஆகிய எல்லாமே அதில் சேர்கின்றன. அதனால்தான் தொட்டால் பஞ்சுபோல் இருக்கும் தசையை உடையவர் தாங்க முடியாத இறுக்கம் என்கிறார், கல்லாக இருப்பவர் ஒன்றுமில்லை என்கிறார்.

தோலிலும் தசையிலும் அழுத்தத்தை மட்டும் அறியும் நரம்பு முனைகள் உண்டு; ஆபத்து நேரலாம் என்று எச்சரிக்கும் முனைகளும் உண்டு. இரண்டாம் வகை முனைகள் சாதாரணமாக வலுவான அழுத்தத்துக்கே விழித்துக்கொள்பவை. எரிச்சலுற்ற பகுதியில் அவற்றின் எல்லை தாழ்ந்துவிடுவதால் மிதமான அழுத்தமே அங்கு வலியாகிவிடும். இரண்டு விரற்கடைக்குள் அனுபவம் தலைகீழாக மாறுவதற்கு இது முக்கியக் காரணம். கழுத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் நரம்புச் செய்திகளும் முகத்திலிருந்து வருபவையும் மூளைத்தண்டுப் பகுதியில் ஒரே இடத்தில் சேர்வதால், கழுத்தில் எழும் வலி நெற்றிப்பொட்டில் இருப்பதுபோல் உணரப்படலாம். ஜேனட் டிராவெல், டேவிட் சைமன்ஸ் ஆகிய இரு மருத்துவர்கள் 1983-இல் வெளியிட்ட கையேட்டில் பிடரியிலிருந்து தோள்வரை பரவியிருக்கும் ட்ரெபீசியஸ் தசையின் மேற்பகுதியிலிருந்து இப்படிப் பரவும் வலியை வரைபடமாகவே காட்டியிருக்கிறார்கள்.

தசையில் தட்டுப்படும் இத்தகைய வலிமுடிச்சுக்கு அவர்கள் கொடுத்த விளக்கம் இன்றும் விவாதத்தில் இருக்கிறது. தேர்ந்த பரிசோதகர்கள் இருவர் ஒரே முதுகைத் தொட்டுப் பார்த்தாலும், முடிச்சு எங்கே இருக்கிறது என்பதில் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. ஆகவே உடைக்கப்பட வேண்டிய ஒரு பொருள் உள்ளே இருப்பதாக எண்ணி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதற்கு அடிப்படை இல்லை. லாக்டிக் அமிலம் தேங்கிக் கிடக்கிறது, அதைப் பிழிந்து வெளியேற்ற வேண்டும் என்பதும் அப்படியே. கடும் உடற்பயிற்சியில் உண்டாகும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் உடலாலேயே அகற்றப்பட்டுவிடும்.

அமுக்கினால் ஏன் சுகமாக இருக்கிறது என்பதற்கு, ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965-இல் முன்வைத்த வாயில் கோட்பாடு ஒரு பகுதி விடையைத் தருகிறது: தொடுதலையும் அழுத்தத்தையும் சுமந்து வரும் செய்திகள், தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்துகின்றன. நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்திவிடுவார் என்ற நம்பிக்கையோடு ஏற்கும் வலியை மூளை அச்சுறுத்தலாகக் கொள்வதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய நீவுதலும் வெறும் ஆறுதல் அல்ல. ரோமமுள்ள தோலில், நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போது நன்றாகத் தூண்டப்படும் தனி நரம்பிழைகள் இருக்கின்றன. இதமான தொடுதலை உணர்த்துவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு.

மறுமொழி 2 – மசாஜ் தொழிலில் இருப்பவர்

மருத்துவர் சொன்னதைக் கையின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அழுத்தம் என்றவுடன் பலம் என்றே பலர் நினைக்கிறார்கள். பரப்பும் வேகமும் அதே அளவுக்கு முக்கியம். கட்டைவிரல் நுனியில் என் உடல் எடையைச் சாய்த்தால் கூர்மையாகக் குத்தும். அதே எடையை முன்கையின் சதைப்பற்றான பகுதியில் பரப்பிச் சாய்த்தால், ஆழமாக இறங்குவது தெரியுமே தவிரக் குத்தல் இருக்காது. அந்தச் சுளீர் இடத்துக்கு நான் முதலில் மாற்றுவது பலத்தை அல்ல, விரலைத்தான்.

அடுத்தது காத்திருத்தல். கையை வைத்ததும் அமுக்காமல், தசை கையை எதிர்த்துத் தள்ளும் அந்த முதல் தடையிலேயே நின்றுகொண்டு, எதிரில் இருப்பவர் மூச்சை விடும்வரை பொறுத்திருந்தால், மூச்சு வெளியேறும்போது தசை தானாகச் சற்று இடம் கொடுக்கும். அந்த அளவுக்கு மட்டும் கையைத் தொடர விட வேண்டும். தோள் மேலே ஏறுகிறது, கால்விரல்கள் மடங்குகின்றன, மூச்சு நிற்கிறது என்றால் உடல் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன் மேல் எவ்வளவு அழுத்தினாலும் நான் அந்தத் தசையோடு மல்லுக்கு நிற்கிறேனே ஒழிய, அதைத் தளர்த்தவில்லை.

எங்களிடம் வருபவர்களில் பலர், வலித்தாலும் மரியாதைக்காகப் பரவாயில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அதனால் தொடங்குவதற்கு முன்பே, 0 முதல் 10 வரையிலான அளவில் 6-ஐத் தாண்டினால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வது என் வழக்கம். தயவுசெய்து சொல்லிவிடுங்கள், எங்கள் கைக்கு உங்கள் வலி தெரியாது.

மறுமொழி 3 – நெடுந்தூர ஓட்டக்காரர்

மேலே இருவரும் எழுதியதை மதிக்கிறேன், ஆயினும் வலுவான அழுத்தத்தை விரும்புகிறவர்களும் இருக்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். தொடையின் பின்தசையில் மெல்ல நீவினால் எனக்கு எண்ணெய் தடவியதுபோல்தான் இருக்கிறது. முழங்கையால் ஆழமாக அழுத்திய பிறகே கால் எளிதாக நீள்கிறது, குனிந்தால் கை தரையை நெருங்குகிறது. மறுநாள் சற்றுக் குடைச்சல் இருக்கும். அதை நான் பொருட்படுத்துவதில்லை. இந்த மாற்றம் கற்பனை என்று நான் நம்பவில்லை.

மறுமொழி 4 – இயன்முறை மருத்துவர்

கற்பனை அல்லவே. உங்கள் கால் உண்மையாகவே அதிகம் நீள்கிறது. ஆனால் அந்த நேரத்தில் தசை நீளமாகிவிடவில்லை, நீட்சியை நரம்பு மண்டலம் முன்பைவிட அதிகமாக அனுமதிக்கிறது. மூச்சு சீராக ஓடும்வரை வலுவான அழுத்தத்தை விரும்புவதில் தவறில்லை. ஓரிரு நாளில் மறையும் குடைச்சல் ஏற்கத்தக்கது. தோல் கன்றிப்போவது, நாட்கணக்கில் தொட முடியாத வலி ஆகியவை அளவு மீறியதன் அடையாளங்கள். கடுமையான மசாஜுக்குப் பின் சிறுநீர் கருத்துப்போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரிதாக, தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவது இப்படித்தான் வெளிப்படும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் ஆழ்ந்த அழுத்தத்தைத் தவிர்க்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று எண்ணி அமுக்கவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டு இருக்கக்கூடும்.

மாலைநடை அவர்களுக்கு: கழுத்தின் முன்புறத்திலும் பக்கவாட்டிலும் பெரிய ரத்தக்குழாய்கள் செல்வதால் அங்கே விரலால் ஆழமாக அழுத்த வேண்டாம் என்று மசாஜ் செய்பவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த மேலிடத்தை அகலமான கையால், இப்போது தரப்படும் அழுத்தத்தில் பாதியளவில் பார்க்கச் சொல்லுங்கள். வலி கைவழியே விரல்களுக்கு இறங்கினாலோ, கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்து பொருள்கள் நழுவினாலோ, மசாஜை நிறுத்திவிட்டுக் கழுத்தெலும்பையும் நரம்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.