15 வயது மகளுக்கு முதல் கேமரா: பழைய டிஎஸ்எல்ஆரா, புது மிரர்லெஸ்ஸா?

முல்லைக்கொடி:
மகளுக்கு 15 வயது. இதுவரை போனில்தான் படம் எடுக்கிறாள். தங்கையின் முகம், பூச்சி, பறவை என்று இந்த வரிசையில் ஆர்வம். கையிலுள்ள தொகைக்கு இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆரும் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகை கேமரா) கூடவே இரண்டு லென்ஸும். மற்றது கிட் லென்ஸோடு (கேமராவோடு சேர்த்தே விற்கும் லென்ஸ்) புது மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத வகை), கேனான் ஆர்50. எதை வாங்கலாம்?

பழையகண்ணாடி:
செகண்ட் ஹேண்டுதான். நான் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, பார்த்துச் சொல்லவில்லை, லென்ஸைப் பார்த்துச் சொல்கிறேன். ஆர்50-உடன் வரும் 18-45 லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்) எஃப் 6.3-க்கு மேல் திறக்காது; எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது. 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் அதைவிடச் சுமார் 12 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மாலை நேரத்தில் வீட்டுக்குள் 1/125 நொடியில் ஒரு முகத்தை எடுக்க எஃப் 1.8-க்கு ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன் எண்; கூட்டினால் படம் பொரிபொரியாகும்) 400 போதும் என்றால், கிட் லென்ஸில் 4,800 வரை ஏற்ற வேண்டும். பின்புலமும் மங்காது. கேமரா வாங்கியும் படம் போனில் எடுத்தது போலவே இருக்கிறதே என்று பிள்ளைகள் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான்.

நிக்கான் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். டி3500, டி5600 போன்ற தொடக்கநிலை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

நேர்விழி:
லென்ஸ் கணக்கு சரி, முடிவு சரியில்லை. எஃப் 1.8-இல் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் என்ன செய்யும் என்பதையும் சொல்லுங்கள். வியூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) பார்க்கும்போது ஃபோகஸை அளப்பது தனி சென்சார், படத்தைப் பதிவது இன்னொன்று. இரண்டுக்கும் தூரம் துளி பிசகினாலும் கண்ணுக்குப் பதில் காது தெளிவாக விழும். விலை உயர்ந்த பாடிகளில் இதைத் திருத்த மெனு உண்டு. டி5600-இலும் கேனான் 200டி-யிலும் இல்லை. அந்தப் பெண் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

மிரர்லெஸ்ஸில் படம் பதிகிற சென்சாரே ஃபோகஸையும் அளப்பதால் இந்தப் பிசகு வராது. ஆர்50 கண்ணையே தேடிப் பிடிக்கும், பறவையின் கண்ணையும்கூட. எக்ஸ்போஷர் (படத்தில் விழும் வெளிச்சம்) கூடினாலும் குறைந்தாலும் பட்டனை அழுத்துவதற்கு முன்பே திரையில் தெரியும்; கற்கிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. 2020-க்குப் பிறகு கேனானும் நிக்கானும் புது டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கையடக்கம்:
இரண்டுமே இப்போது வேண்டாம் என்பேன். போனிலேயே ப்ரோ மோடில் (எல்லாவற்றையும் நாமே அமைக்கும் முறை) ஷட்டர் வேகத்தையும் ஐஎஸ்ஓவையும் பழகட்டும்.

பழையகண்ணாடி:
பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சர் மாறாது. அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றில் ஒன்றைத் தொடாமல் மற்ற இரண்டை மட்டும் பழகினால், எதைக் கூட்டினால் எதைக் குறைக்க வேண்டும் என்ற கணக்கு மனதில் உட்காராது.

நேர்விழி, ஃபோகஸ் பிசகு உண்மை. ஆனால் 200டி-யை ஏன் அந்தப் பட்டியலில் சேர்த்தீர்கள்? அதில் லைவ் வியூவுக்கு (பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) மாறினால் டூயல் பிக்சல் முறையில் சென்சாரே ஃபோகஸ் செய்கிறது. திரையும் திரும்பும், தரையோடு தரையாக ஊரும் பூச்சிக்கு அது பெரிய வசதி. ஆர்50-இல் உள்ள புதுவகை ஹாட் ஷூவில் (கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடம்) பழைய ஃபிளாஷை மாட்ட ஏடி-இ1 என்ற தனி அடாப்டர் வேண்டும். அதற்காக 200டி-க்கு அடுத்து வந்த 250டி-க்கும் போய்விடாதீர்கள். ஹாட் ஷூவின் நடு முள்ளையே அதில் எடுத்துவிட்டார்கள், ஃபிளாஷைத் தூரத்திலிருந்து இயக்கும் சாதாரண ட்ரிக்கர்கள் வேலை செய்யாது.

பூச்சிக்கு மேக்ரோ லென்ஸ் (மிக அருகிலிருந்து எடுக்கும் லென்ஸ்) உடனே தேவையில்லை. 50 எம்எம் லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே 36 எம்எம் எக்ஸ்டென்ஷன் ட்யூப் (உள்ளே கண்ணாடி இல்லாத இடைக்குழாய்) போட்டால் சென்சாரில் விழும் உருவம் நிஜ அளவில் முக்கால் பங்கைத் தாண்டும். மின்தொடர்பு உள்ள ட்யூபாக வாங்குங்கள். அது இல்லாத வெறும் குழாயில் கேனான் லென்ஸின் அப்பர்ச்சர் முழுக்கத் திறந்தே நிற்கும், தெளிவாக விழும் பகுதி முடியிழை அளவுதான் கிடைக்கும். அப்பர்ச்சர் வளையம் இல்லாத நிக்கான் ஜி லென்ஸில் நேர்மாறு: முழுக்க மூடிக்கொண்டு வியூஃபைண்டரே இருட்டாகிவிடும்.

நேர்விழி:
லைவ் வியூ விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் வெயிலில் பின்திரை கண்ணுக்குத் தெரியாது, கையை நீட்டிப் பிடித்தால் ஆட்டமும் கூடும். பறவைக்கு அது ஒத்துவராது. லென்ஸ்தான் உங்கள் வாதம் என்றால், கேனான் டிஎஸ்எல்ஆருக்கான அதே பழைய இஎஃப் 50 லென்ஸை அடாப்டர் போட்டு ஆர்50-இலும் மாட்டலாம், ஆட்டோஃபோகஸ் முழுதாக வேலை செய்யும்.

முல்லைக்கொடி:
பறவைக்கு இப்போது அவசரமில்லை. முகமும் பூச்சியும்தான் முதலில். 200டி பார்க்கப் போனால் என்ன சோதிக்க வேண்டும்?

பழையகண்ணாடி:
லென்ஸிலிருந்து தொடங்குங்கள். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசி இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் போலக் கிளை பிரிந்திருந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள். துடைத்தாலும் கண்ணாடியின் பூச்சில் தடம் நிற்கலாம்.

பிறகு எஃப் 16, ஐஎஸ்ஓ 100 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரை எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி வந்தால் சென்சாரில் அழுக்கு. ஊதும் பந்தால் ஊதியும் போகாவிட்டால் சுத்தம் செய்யும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 1600-இல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் கெட்டுப்போன பிக்சல்கள் வண்ணப் பொட்டாகத் தெரியும்.

நிக்கானில் ஷட்டர் எண்ணிக்கை (கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற கணக்கு) படக் கோப்பிலேயே இருக்கும். கேனானில் பெரும்பாலும் இருக்காது. கேபிளில் இணைத்து மென்பொருள் வழியாகப் படிக்க வேண்டும், லேப்டாப் கொண்டுபோங்கள்.

நேர்விழி:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு செய்தித்தாளைச் சாய்வாக வைத்து, எஃப் 1.8-இல் நடுவில் உள்ள ஒரு எழுத்தைக் குறிவைத்து, வியூஃபைண்டரில் ஐந்து படமும் லைவ் வியூவில் ஐந்து படமும் எடுங்கள். வியூஃபைண்டர் ஐந்திலும் தெளிவு ஒரே பக்கம் முன்னாலோ பின்னாலோ விழுந்தால், அந்த பாடியையும் லென்ஸையும் ஜோடியாக வாங்காதீர்கள்.