கிணறு இறைக்கும் மெஷினுக்குக் காசு அனுப்புவதற்கு முன்

உறவுகளுக்கு வணக்கம்.

ஊரில் மூன்று கிழமை நின்றுவிட்டு நேற்றுத்தான் ஒஸ்லோ திரும்பினேன். சுனாமியில் உப்பேறிய ஊர்க் கிணறுகளை இறைக்க இரண்டு மெஷின் வாங்கிக் கொடுப்போம் என்று முடிவெடுத்தபோது சம்மதம் சொன்னவர்களில் நானும் ஒருவன். இப்போது வேண்டாம் என்கிறேன். லண்டன் அண்ணன் கோபிப்பார் என்று தெரியும். முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபியுங்கள் அண்ணன்.

பெரியம்மா வீட்டுக் கிணற்றைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று கடல் தண்ணீரோடு மணல், ஓலை, யாருடையதோ சைக்கிள் எல்லாம் அதற்குள் போயிருந்தன. ஜனவரியில் குப்பையை அள்ளி, ஒருமுறை இறைத்து, குளோரின் போட்டார்கள். அது சரியான வேலை. அப்புறம்தான் பிழை. இன்னும் கரிக்கிறது என்று ஒரு நிறுவனம் வந்து இறைத்தது, அடுத்த மாதம் இன்னொன்று. மொத்தம் ஐந்து முறை. கடைசி முறை அடி மணலும் சேர்ந்து வர, கீழ் வளையங்கள் சரிந்து கிணறு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தண்ணீர் முன்னையைவிடக் கரிப்பு. இறைத்ததைக் கிணற்றடியிலேயே ஊற்றியிருக்கிறார்கள். மணல் தரையில் அது வேறெங்கே போகும்?

மட்டக்களப்புக் கரையில் நம்முடைய ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல் திட்டி. ஆழத்தில் இருப்பது உப்புத் தண்ணீர். மாரி மழை மணலுக்குள் இறங்கி, பாரம் குறைவு என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. நாம் பரம்பரையாகக் குடித்தது அந்த மேல்படையைத்தான். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலே குறைந்தால் கீழிருந்து உப்பு ஏறும். வாளியால் அள்ளினால் ஊற்று ஈடுகொடுக்கும், மெஷின் போட்டு வற்ற இறைத்தால் கொடுக்காது. நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்வதும் இதுதான்: ஒருமுறை துப்புரவாக்குங்கள், பிறகு மழைக்கு விடுங்கள். ஒரு மாரி போதாமலும் போகலாம்.

குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. கொதிக்க வைத்தால் கரிப்புக் கூடுகிறது என்று மாமி ஒருவர் சொன்னார். சரியான அவதானம். தண்ணீர் ஆவியாகப் போக உப்பு அப்படியே மிஞ்சுகிறது.

எனக்கு இன்னும் பயம் தருவது மலக்குழிகள். புது வீடுகளில் சில, கிணற்றிலிருந்து பத்துக் காலடி வைப்பதற்குள் குழி வெட்டியிருக்கின்றன. உப்பென்றால் நாக்குக் காட்டிக்கொடுக்கும். இது காட்டாது. வயிற்றோட்டம் வந்த பிறகுதான் தெரியும். கட்டுகிறவர்களோடு சண்டை பிடித்துப் பார்த்தேன், வரைபடம் கொழும்பிலிருந்து வந்ததாம்.

சரி, காசை என்ன செய்வது? குடிக்க இப்போது பவுசர் (தாங்கி லொறி) தண்ணீர்தான், அது வராத நாளில் பாடசாலைத் தாங்கியடியில் பானைகள் மட்டும் வரிசையில் நிற்கின்றன. மழை தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பெரும்பாலான கூரைகள் தகரம், கூரைத் தண்ணீரை ஏந்தப் பீலி பூட்டி ஒரு தாங்கி வைத்தால் மாரி முழுக்கக் குடிக்கவும் சமைக்கவும் போதும். முதல் மழையை மட்டும் வெளியே விட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் குளிக்கத் துவைக்க இருக்கட்டும், அதுவும் வாளியால். உப்பு அளக்கும் சின்ன மீற்றர் ஒன்றும் வாங்கினால் மாதம் ஒருமுறை அளந்து எழுதிவைக்க உயர்தரம் படிக்கும் இரண்டு பிள்ளைகள் தயார்.

தாங்கி விலையை இரண்டு கடைகளில் கேட்கச் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைக்கும். ஒரு மெஷினுக்கு முற்பணம் கட்டியாயிற்று என்று பொருளாளர் சொன்னார். திருப்பி எடுக்க முடியாவிட்டால், பவுசர் தண்ணீரைப் பாடசாலையின் மேல் தாங்கிக்கு ஏற்ற அது உதவும். கிணற்றடிப் பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம்.