இன்டனேஷனுக்குத் தமிழில் என்ன? (டிரம்பெட் கையேடு, அவசரம்)

அன்பர்களே,
பள்ளி பேண்டில் புதிதாக டிரம்பெட் பிடிக்கும் பிள்ளைகளுக்கான கையேட்டைத் தமிழாக்குகிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. டோன், இன்டனேஷன் என்ற இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். முதலாவது, காற்று இரையாமல், உதடு இறுகாமல், ஒலி நிறைவாக வருவது. இரண்டாவது, சுரம் தன் உயரத்தில் நிற்பது. அருமையான டோனில் தப்பான உயரத்திலும் ஊதலாம். பழைய வரைவில் இரண்டுக்கும் 'தொனி' என்றே இருக்கிறது.
– மீ.

மீ. அம்மா,
'சுருதி சுத்தம்' இருக்கும்போது எதற்குத் தேடுகிறீர்கள்? கச்சேரி கேட்கிற யாருக்கும் புரியும். டோனுக்கு நாதம். நல்ல நாகசுரத்தை 'நாதம் அருமை' என்று சொல்வதில்லையா? வேலை முடிந்தது.
– கோ.

முடியவில்லை ஐயா. சுருதி, சுத்தம், நாதம் மூன்றும் வடசொல். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் 'செம்முறைக் கேள்வி' வருகிறதே! சுருதி என்றால் கேட்கப்படுவது, கேள்வியும் அதுதான். 'செங்கேள்வி' என்று வையுங்கள். ஒரே சுரத்தை நீட்டி ஊதும் பயிற்சிக்கு அளபெடை. 'அளபிறந்து உயிர்த்தலும் ஒற்றிசை நீடலும்' இசையில் உண்டு என்று தொல்காப்பிய நூன்மரபே சொல்லிவிட்டது. டிரம்பெட்டை எக்காளம் ஆக்கிவிடுங்கள். ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்தில், ஏழு சுரத்துக்குள் 22 அல்ல, 24 சுருதி என்று வாதாடியதையும் ஓர் அடிக்குறிப்பில்...
– தி.

'கேள்விப் பயிற்சி' என்று அச்சடித்தால் பிள்ளைகள் வினாத்தாள் என்று ஓடும். எக்காளத்தில் வால்வு ஏது? 24-ஆ 22-ஆ என்று ஆரம்பித்தால் வியாழன் அல்ல, தையே வந்துவிடும்.
– கோ.

நான் பேண்டு சொல்லிக்கொடுக்கிறவன், இலக்கணம் தெரியாது. ஆனால் 'சுருதி' என்றதும் பிள்ளைகளுக்கு நினைவு வருவது கட்டைதான், அதாவது பாட்டுக்கு வைக்கும் ஆதார உயரம். ஆரம்பத்தில் ஒருதடவை சேர்த்தால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். டிரம்பெட்டில் அப்படி இல்லை. பெரிய குழாயை இழுத்துச் சேர்த்த பிறகும், முதல் வால்வையும் மூன்றாவதையும் சேர்த்து அழுத்தினால் வரும் கீழ் 'டி' ஏறியே நிற்கும். ஒவ்வொரு வால்வின் குழாயும் தனியாக அழுத்தும்போது பொருந்துகிற நீளத்தில் இருக்கிறது. இரண்டைச் சேர்த்து அழுத்தினால் தேவைப்படும் நீளம் அந்தக் கூட்டுத்தொகையைவிட அதிகம். அதனால்தான் மூன்றாம் குழாயை விரலால் வெளியே தள்ளுகிறோம். வால்வு அழுத்தாமல் ஊதும் மேல் 'ஈ' இதற்கு நேர்மாறு: குழாய் தானாகவே தரும் இயற்கைச் சுரங்களில் ஐந்தாவது என்பதால் பியானோவோடு ஒப்பிட்டால் சுமார் 14 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கும். குளிர்ந்த கருவியும் இறங்கித்தான் பேசும். ஆக, ஒவ்வொரு சுரத்துக்கும் காது வேண்டும்.

வகுப்பில் ட்யூனர் முள்ளைப் பார்க்கவிட்டால் கண்தான் பழகும். நான் ஃபோனில் ஒரே சுரத்தை ஓடவிட்டு, அதன் மேல் ஊதச் சொல்கிறேன். சேராதவரை ஒலி அலையடிக்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். இதில் ஒரு வேடிக்கை: உதட்டை இறுக்கி உயரத்தைச் சரிசெய்கிற பிள்ளைக்கு அலை நிற்கும், ஆனால் ஒலி மெலிந்துவிடும். மூச்சைத் தளர்வாக விட்டால் பல நேரம் இரண்டும் சேர்ந்து சரியாகும். கையேடு இரண்டையும் தனித்தனிப் பாடமாக வைத்திருப்பதே எனக்குப் பிடிக்கவில்லை, சொல் எதுவானாலும்.
– ப.

ப. ஐயா, ஃபோனில் ஓடுவது நம் ஒத்து அல்லவா! நாகசுரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அதே ஒத்து! தூய தமிழ்! அப்படியானால் இன்டனேஷன் 'ஒத்துநிலை'.
– தி.

'ஒத்து ஊதுகிறான்' என்றால் ஊரில் என்ன அர்த்தம் என்று தெரியும்தானே?
– கோ.

அன்பர்களே, அச்சகம் இரண்டுமுறை கூப்பிட்டுவிட்டது. டோன் நாதம், இன்டனேஷன் சுருதி சுத்தம், 'ஒவ்வொரு சுரத்துக்கும்' என்ற விளக்கத்தோடு. ஃபோனில் ஓடுவது ஒத்து. அளபெடை வேண்டாம், 'நீட்டி ஊதுதல்' போதும். டிரம்பெட் டிரம்பெட்டாகவே இருக்கட்டும். ப. ஐயா, இரண்டு பாடத்தையும் இணைக்க எனக்கு அதிகாரமில்லை. முதல் பாடத்தின் கடைசியில் உங்கள் அலைப் பயிற்சியைச் சேர்த்துவிட்டேன்.
– மீ.

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அப்புறம், 'சுருதி சுத்தம்' ஒற்று மிகாமல் போகிறதே, அதற்கு விதி யார் சொன்னது?
– தி.

அதற்குத் தனி இழை தொடங்குங்கள். நான் வரவில்லை.
– கோ.