மறு: கலைச்சொல் – ‘விசிவிக் எடிட்டர்’ தமிழில் என்ன?

வணக்கம்.

> கட்டற்ற மென்பொருளால் வலைத்தளம் அமைப்பது பற்றிய கையேட்டில் இரண்டாம் அத்தியாயம் முழுக்க இந்தச் சொல்தான். ‘விசிவிக்’ என்றே விட்டுவிடலாமா? ‘காண்பதே பெறுவது’ என்றும் ஒரு பரிந்துரை வந்திருக்கிறது.

விட வேண்டாம். பக்கத்தை அது தெரியும் வடிவிலேயே வைத்து அமைக்கும் மென்பொருளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆங்கிலத்திலேயே அது ‘What You See Is What You Get’ (WYSIWYG) என்ற வாக்கியத்தின் முதலெழுத்துகள். தமிழ் எழுத்தில் பார்த்தால் தும்மல் மாதிரி இருக்கிறது.

‘காண்பதே பெறுவது’ மொழிபெயர்ப்பாகச் சரிதான். ஆனால் அது தரும் வாக்குறுதி வலைக்குப் பொருந்தாது. 1974இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆவணம் எழுதும் ‘பிராவோ’ மென்பொருள் உருவானபோது, திரையில் தெரிவது அப்படியே தாளில் விழுவதுதான் புதுமை. தாளின் அகலம் எங்கு போனாலும் அதேதான். வலைப்பக்கத்துக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. நாம் மடிக்கணினியில் மூன்று நெடுவரிசையாக அடுக்கியதைக் கைபேசிக்காரர் ஒற்றை நெடுவரிசையாகப் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். 2010இல் வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்காட் திரைக்கேற்ற வடிவமைப்பைப் பற்றி எழுதியதிலிருந்து இதுதான் நடைமுறை. கையேட்டைப் படிக்கும் ஆசிரியரிடம் ‘காண்பதே பெறுவது’ என்று சொல்லிவிட்டு, பத்துப் பக்கம் தள்ளி ‘கைபேசியில் வேறுமாதிரி தெரியும்’ என்று சொன்னால் அவர் எதை நம்புவார்?

> ‘கண்டபடித் தொகுப்பி’ – கண்டது எப்படியோ அப்படி. சுருக்கமாகவும் இருக்கிறது.

சிரித்துவிட்டேன். ‘கண்டபடி’ என்றால் ஊரில் என்ன பொருள் என்று தெரிந்துதான் எழுதினீர்களா? ஒருவகையில் பொருத்தம்தான். எழுத்துருவை மாற்ற ஒருமுறை சொடுக்கினால் ஒவ்வொரு பத்திக்குள்ளும் தனித்தனியாக நிறமும் அளவும் திணித்துவைக்கும் பழைய கருவிகளுக்கு இதைவிட நல்ல பெயர் அமையாது. கையேட்டில் போட முடியாது.

என் பரிந்துரை: தோற்றவழித் திருத்தி. எதிர்ச்சொல்லாக, எச்டிஎம்எல் (வலைப்பக்கத்தை எழுதும் மொழி) குறிகளைக் கையால் எழுத உதவும் புளூஃபிஷ் போன்றவற்றுக்குக் குறிவழித் திருத்தி. விளைவைப் பற்றி எந்த உறுதியும் இல்லை. எந்த வழியில் வேலை நடக்கிறது என்பதை மட்டும் இவை சொல்கின்றன. இரண்டும் சோடியாக நிற்பதால் ஒன்றைப் புரிந்தவருக்கு மற்றதும் புரியும்.

> ‘எடிட்’ என்பதற்கு விக்கிப்பீடியாவில் ‘தொகு’ பரவிவிட்டதே. ‘திருத்து’ என்றால் பிழை திருத்துவது ஆகாதா?

‘தொகுப்பி’யைக் கம்பைலருக்கும் (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) சொல்கிறார்கள். ஒரே கையேட்டில் இரண்டும் வந்தால் குழப்பம். ‘திருத்து’ பிழையோடு மட்டும் நிற்கும் சொல் அல்ல. காடு திருத்திக் கழனியாக்கினார்கள் என்கிறோம். சில வீடுகளில் இன்னும் காய்தான் திருத்துகிறார்கள். கிடப்பதைப் பயன்படும்படி ஆக்குவது என்ற பொருள் அதில் இருக்கிறது.

சொல்லை விட்டு ஒரு வார்த்தை. அத்தியாயத்தில் வரும் தோற்றவழித் திருத்திகளில் முதலிடம் கொம்போசருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். மொசில்லா கம்போசரிலிருந்து என்வியூ, என்வியூவிலிருந்து கொம்போசர் என்று வந்த நல்ல வம்சம்தான், ஆனால் 2010க்குப் பிறகு அதில் புதிய பதிப்பு வரவில்லை. எச்டிஎம்எல் 4.01 காலத்தோடு நின்றுவிட்டது. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வளர்த்த அமயாவும் 2012இல் ஓய்ந்தது. இலவசம் என்பதற்காக இவற்றைக் கையில் கொடுத்தால், புதிதாகக் கற்பவர் பழைய பழக்கத்தில் தொடங்குவார். இப்போது பரிந்துரைப்பதென்றால் உலாவியிலேயே இயங்கும் கிரேப்ஸ்ஜேஎஸ், சைலெக்ஸ். வழங்கி இடம் இருப்பவருக்கு வேர்ட்பிரஸ். பென்பாட்டையும் இதே தலைப்பில் சேர்க்கலாம்.

---

வணக்கம் ஐயா.

தோற்றவழி, குறிவழி இரண்டையும் ஏற்கிறேன். ‘கண்டபடி’ நான் தெரிந்தே எழுதியதுதான்!

ஒரே ஒரு தயக்கம். 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து வேர்ட்பிரசில் இருப்பது கட்டம் கட்டமாக அடுக்கும் முறை. பத்தி ஒரு கட்டம், படம் ஒரு கட்டம். இதையும் தோற்றவழித் திருத்தி என்பதா, தனிப்பெயர் வேண்டுமா?

> பென்பாட்டையும் இதே தலைப்பில் சேர்க்கலாம்.

இதை மறுக்கிறேன். பென்பாட்டில் போடுவது பக்கத்தின் வரைவு. எந்தப் பொத்தான் எங்கே என்று முடிவுசெய்யலாம், தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் வரிகளைக்கூட எடுத்துக்கொள்ளலாம். தளத்தை வேறிடத்தில்தான் கட்ட வேண்டும். ‘வரைவுக் கருவி’ என்று தனியாக வைப்போம். படம் வரையும் இங்க்ஸ்கேப்பும் அதனோடு போகட்டும்.

---

கட்டம் அடுக்குவதற்குத் தனிப்பெயர் வேண்டாம் என்பது என் கருத்து. தோற்றத்தைப் பார்த்தபடியேதானே அடுக்குகிறோம்? வகைச்சொல் அதுவே இருக்கட்டும். கூடுதல் விளக்கம் தேவைப்படும் இடத்தில் ‘கட்ட அடுக்கு முறை’ என்று எழுதலாம்.

கையேட்டில் முதல்முறை வரும் இடத்துக்கு ஒரு வரி: ‘தோற்றவழித் திருத்தி – குறிகளை எழுதாமல், பக்கம் தெரியும் வடிவிலேயே வைத்து அதை அமைக்க உதவும் மென்பொருள்.’ கொம்போசர் பத்தியை எடுத்துவிட்டு அனுப்புங்கள், மூன்றாம் அத்தியாயத்தையும் சேர்த்தே பார்த்துவிடுகிறேன். அங்கே ‘டெம்ப்ளேட்’, ‘தீம்’ இரண்டுக்கும் ‘வார்ப்புரு’ என்றே போட்டிருக்கிறீர்கள். அதற்குத் தனி இழை தொடங்குவோம்.