கன்சாஸில் 2022-ல் வாக்களித்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

வணக்கம். 2022 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் நடந்த பிரைமரி தேர்தலைப் (கட்சிகள் தங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) பற்றி எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசப் போகிறேன். கருக்கலைப்பு உரிமைக்கு மாநில அரசியலமைப்பில் பாதுகாப்பு உண்டு என்று 2019-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை நீக்கும் திருத்தம் அன்றைக்கு வாக்குக்கு வந்தது. கருக்கலைப்பைப் பெரும்பாலும் எதிர்க்கும் குடியரசுக் கட்சியின் கோட்டை அது. ஆனாலும் ஏறத்தாழ 59 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எனக்கு அது பெரிய வியப்பு.

எந்தக் கட்சியிலும் பதியாதவர்களும் திருத்தத்துக்கு மட்டும் வாக்களிக்க முடிந்தது. இந்த விஷயம் அவர்களை எப்படிப் போய்ச் சேர்ந்தது? வீடு வீடாக வந்து சொன்னார்களா? அப்புறம், வாக்குச்சீட்டின் வாசகம் குழப்பியதா? அன்று வாக்களித்தவர்கள், அக்கம்பக்கத்தில் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் இரண்டு வரி எழுதுங்கள். பெயரை எங்கும் சொல்ல மாட்டேன்.