உரப்பெகிறல்: சரிதானா, சொல்லுங்கள்

வணக்கம்.

பினாங்கு செவிப் பரிசோதனை முகாமுக்காக நம் குழு தமிழில் எழுதும் துண்டறிக்கை, ஒரு காது நிலைக்குப் பெயர் கிடைக்காமல் ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது. மெல்லப் பேசினால் கேட்காது; குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் காதைத் துளைக்கும். நம் வீட்டுப் பாட்டிமார் "என்ன சொன்னே, கேட்கல" என்பதும், மறுபடி சொன்னதும் "ஏன் கத்துறே, நான் என்ன செவிடா?" என்று சீறுவதும் இதனால்தான். நாம் அதைப் பிடிவாதம் என்று எழுதி வைத்துவிடுகிறோம். இந்த நிலையை ஆங்கிலத்தில் ரெக்ரூட்மென்ட் என்பார்கள். குழுவில் ஒருவர் அகராதியைப் பார்த்து 'ஆட்சேர்ப்பு' என்று அனுப்பியிருந்தார். எந்தப் படைக்கு என்று யாரும் கேட்கவில்லை, நல்லது.

சொல்லுக்கு முன் சங்கதியைப் பார்த்துவிடலாம். உள்காதின் நத்தைச்சுருளில் இரு வகை மயிர்ச்செல்கள் உண்டு. உள்வரிசைச் செல்கள் ஒலிச் செய்தியை நரம்புக்குத் தருகின்றன. வெளிவரிசையில் சுமார் 12,000 செல்கள். மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுப்பது இவற்றின் வேலை. உரத்த ஒலிக்கு அந்த உதவி அவ்வளவாகத் தேவையில்லை. வயதாலோ தொழிற்சாலை இரைச்சலாலோ இவை அழிந்தால் மெல்லியது மறைந்துபோகும், உரத்தது முன்போலவே கேட்கும். நல்ல காதுக்கு 100 டெசிபல் வாக்கில் சத்தம் தாங்க முடியாமல் போகும். 60 டெசிபலில்தான் கேட்கவே தொடங்குகிற காதுக்கும் ஏறக்குறைய அதே உச்சம்தான். நடுவில் மிஞ்சுவது 40. அந்த இடுக்கில்தான் உரப்பு, அதாவது சத்தம் காதுக்கு எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்பது, விறுவிறுவென்று ஏறுகிறது.

'ஒலிமிகை' என்று ஒரு பரிந்துரை வந்தது. ஒலி மிகவில்லை, காதுக்குள் அது ஏறும் வேகம்தான் மிகை, ஆகவே வேண்டாம். கோலாலம்பூர் அக்கா சொன்ன 'செவிக்கூச்சம்' அருமையான சொல். கண் கூசுது, பல் கூசுது என்பவர்களுக்குக் காது கூசுவதை விளக்க வேண்டியதே இல்லை. ஆனால் பரிசோதனையில் எந்தக் குறையும் தெரியாதவருக்கும் சாதாரணச் சத்தம் தாங்க முடியாமல் போவதுண்டு. அது வேறு நிலை. செவிக்கூச்சத்தை அதற்கென்று எடுத்து வைப்போம்.

என் பரிந்துரை 'உரப்பெகிறல்'. உரப்பு, இயற்பியல் பாடத்தில் ஏற்கெனவே உள்ள சொல். எகிறல் பேச்சுவழக்கு, கலைச்சொல்லுக்கு ஆகாது என்று ஐயா ஒருவர் மறுத்தார். பசாரில் மீன் விலை எகிறுது என்கிறோமே, அதில் திடீரென்று, அளவுக்கு மீறி என்ற இரண்டு பொருளும் இருக்கின்றன. 'விரைவேற்றம்' என்றால் இலக்கணம் சரிதான், காது வலி தெரியவில்லை.

இதற்கு இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை. எவர்சில்வர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தத்துக்கு, புதிதாகக் காது கேட்கும் கருவி மாட்டியிருந்த மாமா ஒருவர் முகத்தைச் சுளித்து, அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். அப்புறம் அது அலமாரியை விட்டு இறங்கவில்லை. இப்போதைய கருவிகள் மெல்லிய ஒலியைக் கூடுதலாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்கும். அந்த அளவுகளைச் செவியியலாளர் கணினியில் மாற்றித் தரலாம், உச்சவரம்பும் வைக்கலாம். "கருவி சரியில்லை" என்று போய்ச் சொன்னால் அவர் எங்கே தொடங்குவார்? "தட்டுச் சத்தத்துக்கு உரப்பு எகிறுது" என்றால் எதைத் திருத்துவது என்று உடனே புரியும்.

கருவி கீச்சிடுவதற்குப் 'பின்னூட்டம்' வேண்டாம், விசில் போதும். கருவி இப்படி ஏற்றத்தாழ்வாகப் பெருக்குவதற்கு 'அமுக்கம்' என்று எழுதியிருக்கிறார்கள். ரத்த அழுத்தம் பற்றியது என்று யாராவது படிக்கப் போகிறார்கள். 'வீச்சுச் சுருக்கம்' என்று மாற்றலாமா? மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அச்சகம் சனிக்கிழமை பாதி நாள்தான் திறந்திருக்கும்.